கணினி மையத்தின் ஜன்னலிலிருந்து துறையின் அறைக்கு

1965 மார்ச் மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக ‘டெக்’, பி.டி.பி-8 என்ற இயந்திரத்தை விற்பனைக்கு அறிவித்தது. விலை 18,000 டாலர். அளவு ஒரு சின்ன ஃபிரிட்ஜ். நினைவகத்தில் 4,096 இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் 12 பிட்; கூட்டிப் பார்த்தால் 6 கிலோபைட். அடிப்படைக் கட்டளைகள் எட்டே எட்டு. பெருக்கல் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கழித்தலுக்குக் கட்டளையே கிடையாது. எண்ணின் குறியை மாற்றிக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். திரை இல்லை, வட்டு இல்லை. நொடிக்குப் பத்து எழுத்து தட்டும் ஒரு டெலிடைப், அதன் பக்கவாட்டில் காகித நாடாவைத் துளைக்கவும் படிக்கவும் ஓர் உறுப்பு. அவ்வளவுதான் மொத்தச் சரக்கு.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழக வளாகங்களில், துறைக் கட்டடத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த கணினி மையத்தில், ஐ.பி.எம். 7090 வகைப் பெருங்கணினி ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 29 லட்சம் டாலர் பெறுமானமுள்ள இயந்திரம். 36 பிட் அகலத்தில் 32,768 நினைவக இடங்கள், தசம எண்களை வன்பொருளிலேயே கையாளும் வசதி, ஃபோர்ட்ரான் மொழி, பார்த்துக்கொள்ள ஆட்கள். எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் பி.டி.பி-8 அதன் காலடிக்குக்கூட வராது.

இருந்தும் இயற்பியல் துறைகள் வாங்கின. வேதியியல், உளவியல், உடலியங்கியல் துறைகள் வாங்கின. பி.டி.பி-8 குடும்பம் மட்டும் மொத்தத்தில் 50,000க்கு மேல் விற்றது. ஏன் என்ற கேள்விக்கு ‘விலை மலிவு’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பதில் எனக்கு எப்போதும் போதவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் பி.டி.பி-8 போன்ற சிறு கணினி, அதாவது மினிகணினி, மலிவே இல்லை.

அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஹெர்ப் குரோஷ் 1950களில் ஒரு விதி சொன்னார்: கணினியின் திறன் அதன் விலையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டு மடங்கு காசு கொடுத்தால் நான்கு மடங்கு வேலை நடக்கும். பத்துத் துறைகளிடம் ஆளுக்கொரு லட்சம் டாலர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகச் சின்னச் சின்ன இயந்திரம் வாங்கினால் பத்துப் பங்கு திறன் கிடைக்கும். பத்து லட்சத்தையும் சேர்த்து ஒரே இயந்திரம் வாங்கினால் நூறு பங்கு. அன்றைய கணினி மைய இயக்குநர்கள் துறைகளின் தனிக்கணினி ஆசையை எதிர்த்ததற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. அவர்களை அதிகாரத்தை விட மனமில்லாதவர்கள் என்று மட்டும் சித்திரிப்பது நியாயமல்ல. ஒரு கணக்கீட்டுக்கு எவ்வளவு செலவு என்று கேட்டால், அவர்கள் சொன்னது சரிதான்.

ஆனால் அந்த விதியில் விலையும் திறனும் இருந்தன. காத்திருக்கும் மனிதர் இல்லை. ஆய்வு மாணவர் தன் நிரலை அட்டைகளில் துளைத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, மையத்தின் ஜன்னலில் நீட்டுவார். ஆபரேட்டர் வாங்கி வரிசையில் வைப்பார். இயந்திரம் நிரலை ஓட்டி முடிக்கச் சில நொடிகள் ஆகலாம். அச்சுத்தாள் கைக்கு வரச் சில மணி நேரமோ மறுநாளோ ஆகும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அந்த நாள் போயிற்று. இயந்திரத்தின் ஒவ்வொரு நொடியையும் வீணாக்காமல் காக்கும் ஏற்பாடு இது. மனிதரின் நாட்களை யாரும் எண்ணவில்லை.

பூனையும் கணினியும்

காத்திருப்பதுகூடப் பொறுத்துக்கொள்ளக்கூடிய துன்பம்தான். கோட்பாட்டு இயற்பியலாளர் ஒருவர் மறுநாள் வரை பொறுப்பார். பொறுக்கவே முடியாத நிலையில் இருந்தவர்கள் சோதனை செய்பவர்கள், அதிலும் குறிப்பாக நரம்பியல் ஆய்வாளர்கள். மினிகணினி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த வழியைத் தேடினால் அவர்களின் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்து சேர்வோம்.

ஒரு விலங்கின் காதருகே ‘க்ளிக்’ என்று ஒலி எழுப்புகிறீர்கள். மூளையில் பதித்த மின்முனை அதற்கு எழும் விடையைப் பிடிக்கிறது. பிரச்சினை என்னவென்றால் அந்த விடை மிகச் சிறியது. மூளை சும்மா இருக்கும்போதே எழுப்பும் அலைகள் அதை மூழ்கடித்துவிடும். ஒரு வழி உண்டு. அதே க்ளிக்கை நூறு முறை எழுப்புங்கள். ஒவ்வொரு முறையும் ஒலி எழுந்த கணத்திலிருந்து அலையை அளந்து, முந்தையவற்றின் மேல் கூட்டிக்கொண்டே போங்கள். விடை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எழுவதால் கூடிக்கொண்டே வரும். இரைச்சல் மேலும் கீழுமாக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நூறின் வர்க்கமூலம் பத்து. ஆகவே விடையோடு ஒப்பிட இரைச்சல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சுத்தமான வளைவு மெல்ல எழுந்து வரும்.

இதைப் பெருங்கணினியில் செய்யலாம்தான். அலைகளைக் காந்த நாடாவில் பதிந்து, எண்களாக மாற்றி, மையத்துக்கு எடுத்துப் போய், மறுநாள் படம் வாங்கிப் பார்க்கலாம். மின்முனை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பதிந்திருந்தது என்று அப்போது தெரியவரும். அதற்குள் சோதனை முடிந்திருக்கும். ஆய்வாளருக்கு வேண்டியது, விலங்கு மேசையில் இருக்கும்போதே வளைவைக் கண்ணால் பார்த்து, மின்முனையை நகர்த்தி, மறுபடி பார்ப்பது. கணினி அந்த அறையில் இருக்க வேண்டும். வயர் நேராக அதற்குள் போக வேண்டும். அதன் நேரம் முழுக்க அந்த ஒரு வேலைக்கே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆயிரம் பேருக்குப் பொதுவான இயந்திரம் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இதைச் செய்ய முடியாது.

எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இருந்த வெஸ்லி கிளார்க் இதைப் புரிந்துகொண்டவர். சார்லஸ் மோல்னருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘லிங்க்’ என்ற கணினி 1962இல் இயங்கியது. அதை வடிவமைக்கும்போது கிளார்க் வைத்துக்கொண்ட நிபந்தனைகள் என்னை மிகவும் கவர்ந்தவை. இயந்திரம், அதைப் பயன்படுத்துபவர் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கக் கூடாது. அவர் அதற்கு அப்பால் இருப்பதைப் பார்க்க முடிய வேண்டும். விலை 25,000 டாலருக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓர் ஆய்வுக்கூடத் தலைவர் மேலிடத்தைக் கேட்காமல் தன் கையெழுத்திலேயே வாங்கக்கூடிய தொகை ஏறத்தாழ அவ்வளவு. ஒரு பொறியாளர் தன் வடிவமைப்பின் உச்சவரம்பை, கையெழுத்துப் போடும் அதிகாரத்தை வைத்து முடிவுசெய்திருக்கிறார். இந்தக் கதையின் மையமே அதுதான் என்று நினைக்கிறேன்.

லிங்க்கில் ஒரு சிறு திரை இருந்தது. வானொலியில் இருப்பது போலத் திருகுக் குமிழ்கள் இருந்தன. குமிழைத் திருப்பினால் நிரலுக்குள் ஓர் எண் மாறும், திரையில் வளைவு நகரும். மின்முனையிலிருந்து வரும் மின்னழுத்தத்தை நேராக வாங்கி எண்ணாக மாற்றும் வாயில்கள் இருந்தன. கையில் அடங்கும் சிறு காந்த நாடாச் சுருளில் ஆய்வாளர் தன் நிரலையும் தரவையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். 1962இல் இதை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு எடுத்துச் சென்று, ஒரு பூனையின் நரம்பு மின்விடைகளை அங்கேயே அலசிக் காட்டினார்கள். அதுவரை வேறு வழிகளில் பிடிபடாமல் இருந்த விடை திரையில் தெரிந்ததும் அறையில் இருந்தவர்கள் இயந்திரத்தைச் சுற்றி ஆடினார்கள் என்று கிளார்க் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். 1963 கோடையில், தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு ஆய்வுக்கூடங்களிலிருந்து உயிரியல், மருத்துவ ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜுக்கு வந்தார்கள். தங்கள் கணினியைத் தாங்களே கோத்தார்கள். வயர் இணைத்து, சோதித்து, நிரல் எழுதக் கற்று, முடிந்ததும் அதைத் தங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டான்ஃபோர்டின் மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் குழுவும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. தன் கையால் கோத்த இயந்திரத்தைப் பற்றி ஒருவருக்கு வரும் துணிச்சல் தனி. பழுதானால் திறந்து பார்க்கலாம், கூடுதலாக ஒன்றை இணைக்கலாம் என்ற எண்ணம் இயல்பாக வந்துவிடும்.

விலை 25,000க்குள் நிற்கவில்லை. டெக் நிறுவனம் லிங்க்கை விற்றபோது 40,000 டாலரைத் தாண்டியது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று ஆய்வுக்கூடங்கள் கற்றுக்கொண்டுவிட்டன. அந்த இயந்திரம் வீட்டுக்குள்ளும் போனது என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை: லிங்க்கின் இயக்க மென்பொருளை எழுதிய மேரி ஆலன் வில்க்ஸ் 1965இல் பால்டிமோரில் இருந்த தன் பெற்றோர் வீட்டில் ஒரு லிங்க்கை வைத்துக்கொண்டு வேலைசெய்தார்.

யார் கையெழுத்து

லிங்க்கின் உட்பகுதிகள் டெக் நிறுவனத்தின் தர்க்கச் சுற்று அட்டைகள். இது தற்செயல் அல்ல. 1957இல் கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் லிங்கன் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேறி 70,000 டாலர் முதலீட்டில் டெக்கைத் தொடங்கியபோது, பணம் போட்ட ஜார்ஜ் டோரியோவின் நிறுவனம் கணினி செய்வதை விரும்பவில்லை. கணினித் தொழிலில் இறங்கியவர்கள் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே மேனார்டு என்ற ஊரில் பழைய கம்பளி ஆலை ஒன்றில் இடம் பிடித்து, ஆய்வுக்கூடங்களுக்கான சுற்று அட்டைகளை விற்றார்கள். பின்னர் கணினி செய்தபோதும் அதைக் கணினி என்று அழைக்காமல் ‘நிரலால் இயங்கும் தரவு செயலி’ என்று பெயர் வைத்தார்கள். பி.டி.பி. என்பது அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான்.

முதலீட்டாளரைச் சமாதானப்படுத்த வைத்த பெயர், வாங்குபவருக்கும் உதவியது. கணினி என்றால் கோடிக்கணக்கான செலவு, மையம், குளிரூட்டிய கூடம், அனுமதிக் குழு என்று மனத்தில் பதிந்திருந்த காலத்தில், தரவு செயலி என்பது அலைநோக்கி, நிறமாலைமானி வரிசையில் ஓர் ஆய்வுக்கருவி. ஆய்வுக்கருவி வாங்கப் பேராசிரியருக்கு ஆய்வு நிதி இருந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளையும் சுகாதார நிறுவனமும் அணுசக்தி ஆணையமும் தாராளமாகப் பணம் கொடுத்த ஆண்டுகள் அவை.

நிதியின் தன்மையும் முக்கியம். மையத்தின் நேரத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம். அந்தச் செலவு அச்சுத்தாளாக வந்து போய்விடும். நிதி தீர்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. அதே பணத்தில் இயந்திரம் வாங்கினால், மூன்று ஆண்டு ஆய்வுத் திட்டம் முடிந்த பிறகும் அது துறையில் நிற்கும். அடுத்த மாணவரும் அதற்கடுத்தவரும் ஒரு டாலர் செலவில்லாமல் பயன்படுத்துவார்கள். இரவு இரண்டு மணிக்கு விளையாட்டாக ஒன்றை முயன்று பார்த்தாலும் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று நம் ஊரில் சொன்னால் உடனே புரியும்.

விலை படிப்படியாக இறங்கியது இந்தக் கோணத்தில்தான் பொருள்படுகிறது. கனடாவின் சாக் ரிவர் அணு ஆய்வு நிலையத்துக்காக ஒரு கண்காணிப்புக் கருவி கேட்டபோது, அதற்கென்று தனிச் சுற்று செய்வதைவிடச் சிறிய கணினியே செய்துவிடலாம் என்று பிறந்தது பி.டி.பி-5, 1963இல் விலை 27,000 டாலர். எட்சன் டி காஸ்ட்ரோ வடிவமைத்த பி.டி.பி-8, 18,000. 1966இல் வந்த பி.டி.பி-8/எஸ் 10,000க்கும் கீழே. வேகத்தைப் பலிகொடுத்துக் குறைத்த விலை. ஒவ்வொரு படியிலும் இயந்திரத்தை வாங்க வேண்டிய கையெழுத்து ஒரு நிலை கீழே இறங்கியது: முதலில் துணைவேந்தர் மட்டம், பிறகு துறைத்தலைவர், பிறகு ஒரு தனிப் பேராசிரியர்.

நிறுவும் வேலையும் அப்படியே. சாதாரணச் சுவர் மின்சாரம் போதும். உயர்த்திய தரையோ சிறப்புக் குளிரூட்டலோ வேண்டாம். பி.டி.பி-8ஐ ஒரு ஃபோக்ஸ்வாகன் காரின் பின்னிருக்கையில் ஏற்றி எடுத்த விளம்பரப் படம் டெக்கிடம் இருந்தது. மையத்தின் உதவி தேவையில்லை என்பதைப் பேராசிரியர்களுக்குச் சொல்ல அதைவிட நல்ல படம் இருந்திருக்காது.

பதினாறு எண்கள்

இயந்திரம் மலிவாக இருந்ததற்கு இன்னொரு காரணம், செய்தவர்கள் பாதி வேலையை வாங்குபவரிடம் விட்டுவிட்டார்கள். அது எப்படிப்பட்ட வேலை என்பதை, அந்த இயந்திரத்தைப் போலவே நடக்கும் மென்பொருளான எமுலேட்டரில் ஒரு முறை செய்து பார்த்தேன். மின்சாரம் கொடுத்தால் பி.டி.பி-8 எதுவும் செய்யாது. நாடாவைப் படிக்கக்கூட அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். முன்பலகையில் பன்னிரண்டு ஸ்விட்சுகள், மூன்று மூன்றாகப் பிரிந்து. முதலில் முகவரி 7756. எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்மக் கணக்கில் 7 என்றால் மூன்று ஸ்விட்சும் மேலே, 5 என்றால் மேல்-கீழ்-மேல். 111 111 101 110 என்று வைத்து, முகவரியை ஏற்றும் விசையை இயக்குகிறோம். அடுத்து முதல் கட்டளை 6032: 110 000 011 010. பதியும் விசையை இயக்கினால் அது நினைவகத்தில் உட்காரும், முகவரி தானே ஒன்று கூடும். அடுத்து 6031: நாடா படிப்பானில் எழுத்து வந்துவிட்டதா என்று கேள். அடுத்து 5357: வரவில்லையா, ஒரு படி பின்னால் போய் மறுபடி கேள். இப்படிப் பதினாறு எண்கள். ஒரு ஸ்விட்ச் தவறினாலும் நாடா ஓடும், ஒன்றும் நடக்காது. முதல் முயற்சியில் எனக்கும் அதுதான் நடந்தது.

அந்தப் பதினாறு எண்களும் ஒரு சிறு நாடாவைப் படிக்கும். அந்த நாடாவில் இருப்பது பெரிய நாடாக்களைப் படிக்கத் தெரிந்த இன்னொரு நிரல். அதற்குப் பிறகுதான் நம் நிரலின் நாடா. 12 பிட் சொல் ஒன்று நாடாவில் இரண்டு வரிசைத் துளைகள். நினைவகம் முழுவதையும் நிரப்ப 8,192 வரிசைகள். நொடிக்குப் பத்து வரிசை என்றால் கிட்டத்தட்ட 14 நிமிடம். காந்த உள்ளக நினைவகம் மின்சாரம் போனாலும் மறக்காது என்பதால், முந்தைய மாணவரின் நிரல் கடைசிப் பக்கத்தை அழிக்காமல் விட்டிருந்தால் பதினாறு எண்களை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. அழித்திருந்தால் மனப்பாடமாக ஏற்ற வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, இவ்வளவு பாடு படுவதற்கு அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் இங்கே தவறு தவறாக அப்போதே தெரிகிறது. நிரல் நடுவில் தடுமாறினால் நிறுத்தலாம். கணக்கின் விடை தங்கும் கூட்டுப் பதிவகத்தில் என்ன இருக்கிறது என்று விளக்குகளில் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டளையாக ஓட்டலாம். எந்த இடத்தில் எண் கெட்டது என்று விரல் வைத்துக் காட்டலாம். ஸ்விட்சைத் தட்டி அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டலாம். பெருங்கணினியில் ஐந்து நாளில் நடக்கும் பிழைதிருத்தம் இங்கே ஒரு மதியத்தில் முடியும். நாடா 14 நிமிடம் ஓடினாலும்தான்.

இந்தப் பாட்டைப் பட ஆட்கள் வேண்டும். ஒரு வங்கியிடமோ தொழிற்சாலையிடமோ அப்படிப்பட்டவர்கள் சும்மா கிடைக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத் துறையில் கிடைப்பார்கள்: ஆய்வு மாணவர்கள். ஆர்வத்தால் இரவெல்லாம் உட்கார்ந்து, கருவிக்கும் கணினிக்கும் இடையே சுற்று கோத்து, நிரல் எழுதி, அதற்கெல்லாம் தனிச் சம்பளம் வாங்காதவர்கள். மினிகணினியின் விலைப்பட்டியலில் வராத பெரிய தொகை இதுதான். துறைகளே இதன் முதல் பெரிய சந்தையாக அமைந்ததற்கு மற்ற எதையும்விட இந்தக் காரணத்துக்கு நான் எடை கொடுப்பேன். டெக் நிறுவனமும் இதை நன்றாகப் புரிந்து நடந்துகொண்டது. மலிவான தாளில் அச்சிட்ட கையேடுகளை இலவசமாக அள்ளிக் கொடுத்தது. இயந்திரத்தின் உள் இணைப்புகளை மறைக்காமல், உங்கள் கருவியை எப்படி இணைப்பது என்று சுற்றுப்படத்தோடு விளக்கியது. 1961இலேயே தொடங்கிய பயனர் சங்கம் வழியாக ஒரு துறை எழுதிய நிரல் இன்னொரு துறைக்கு நாடாவாகப் போனது. ஒரு ஊரில் எழுதிய வளைவுப் பொருத்த நிரல் இன்னொரு ஊரின் வேதியியல் துறையில் ஓடியது.

போட்டியாளர்களும் அதே வாசலில்தான் நுழைந்தார்கள். ஹியூலெட்-பேக்கார்டின் முதல் கணினியான 2116, 1966இல், அவர்களுடைய அளவைக் கருவிகளை இயக்கும் துணையாகவே வந்தது. டி காஸ்ட்ரோ டெக்கிலிருந்து விலகித் தொடங்கிய டேட்டா ஜெனரல், 1969இல் 16 பிட் நோவாவைக் கொண்டுவந்தது. 1970இல் டெக்கின் பி.டி.பி-11, எல்லாக் கருவிகளையும் நினைவக முகவரி போலவே அணுகும் ஒற்றைப் பாதையுடன் வந்தபோது, புதிய கருவியை இணைப்பது முன்னைவிட எளிதானது.

மைய இயக்குநர்களின் எச்சரிக்கைகளில் பல பலிக்கவும் செய்தன. சுற்றைக் கோத்த மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனதும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஆள் துறையில் இல்லாமல் போகும். ஒரே நிரலைப் பல துறைகள் தனித்தனியாக எழுதின. கிழிந்த நாடாவோடு போன தரவு போனதுதான். பெரிய அணிக்கோவைகளுக்கும் நீண்ட கணக்குகளுக்கும் எல்லோரும் மையத்துக்கே திரும்பிப் போனார்கள். மினிகணினி அந்த வேலைக்குப் போட்டியாக வரவே இல்லை. பெரும்பாலான துறைகளில் இரண்டும் சேர்ந்தே ஓடின என்பதைச் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு ஒருபக்கமாகிவிடும்.

பெர்க்கிலியின் ஷிப்டு அட்டவணை

கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் 1974இல் நடந்தது, இந்தக் காரணங்கள் எல்லாம் ஓர் அறைக்குள் மோதிக்கொண்ட நிகழ்வு.

1973 இலையுதிர் காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஒரு மாநாட்டில் யூனிக்ஸ் என்ற தங்கள் இயக்க அமைப்பைப் பற்றிய முதல் கட்டுரையை வாசித்தார்கள். அங்கே இருந்த பெர்க்கிலிப் பேராசிரியர் பாப் ஃபேப்ரிக்கு உடனே அது வேண்டும் என்று தோன்றியது. பெல் ஆய்வுக்கூடம் ஒரு தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது; 1956ஆம் ஆண்டு நீதிமன்ற ஒப்பந்தப்படி அந்த நிறுவனம் கணினி வியாபாரத்தில் இறங்க முடியாது. அதனால் யூனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்குப் பெயரளவுக் கட்டணத்தில் மூலநிரலோடு கொடுத்தார்கள். மென்பொருள் கிடைக்கும். ஓட்ட இயந்திரம் வேண்டுமே. பெர்க்கிலியில் இருந்ததோ தொகுதி தொகுதியாக வேலை வாங்கும் பெருங்கணினிகள். கணினி அறிவியல், புள்ளியியல், கணிதம் ஆகிய மூன்று துறைகள் சேர்ந்து ஒரு பி.டி.பி-11/45 வாங்கின.

1974 ஜனவரியில் யூனிக்ஸ் நான்காம் பதிப்பின் நாடா வந்தது. கீத் ஸ்டாண்டிஃபோர்டு என்ற மாணவர் நிறுவினார். அடிக்கடி இயந்திரம் செயலிழந்து நின்றது. நியூ ஜெர்ஸியில் இருந்த தாம்சன் அங்கிருந்தே பிழை தேடினார். பெர்க்கிலியில் இருந்த மோடம் நொடிக்கு 300 பிட் வேகத்தில் ஓடும், தொலைபேசிக் கைப்பிடியை மேலே பொருத்த வேண்டிய வகை. தானாக அழைப்பை எடுக்காது. ஆகவே தாம்சன் இயந்திர அறைக்குப் போன் செய்வார், ஸ்டாண்டிஃபோர்டு எடுத்துப் பேசிவிட்டுக் கைப்பிடியை மோடத்தின் மேல் வைப்பார். கண்டத்தின் மறுகரையிலிருந்து தாம்சன் நினைவகப் பதிவுகளைப் படிப்பார். ஒரே கட்டுப்பாட்டுப் பலகையில் இரண்டு வட்டுகள் ஒரே நேரத்தில் தேடும்போது, ஆவணத்தில் எழுதியிருந்ததற்கு மாறாக, வட்டுக் கட்டுப்பாட்டுச் சுற்று தவறு செய்தது என்று தெரிந்தது. ஒரு துறையின் இயந்திரத்தில் ஒரு மாணவரும் அதை எழுதியவரும் நேருக்கு நேர் அமர்ந்தது போல வேலைசெய்திருக்கிறார்கள். மையத்தின் பெருங்கணினியைத் தொட்டு இதைச் செய்ய யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. கணிதமும் புள்ளியியலும் டெக்கின் ஆர்.எஸ்.டி.எஸ். இயக்க அமைப்பையே விரும்பின. ஒரே இயந்திரத்தில் இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது. ஒரு துறைக்கு எட்டு மணி நேரம் என்று பிரித்தார்கள்: 8 மணி நேரம் யூனிக்ஸ், 16 மணி நேரம் ஆர்.எஸ்.டி.எஸ். எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்று அந்த நேரத்தையும் தினமும் சுழற்றினார்கள். ஒரு நாள் யூனிக்ஸ் காலை 8 முதல் மாலை 4 வரை. மறுநாள் மாலை 4 முதல் நள்ளிரவு வரை. மூன்றாம் நாள் நள்ளிரவு முதல் காலை 8 வரை. ஆலைத் தொழிலாளர் ஷிப்டு மாறுவது போல மாணவர்கள் மாறினார்கள். இத்தனை தொல்லைக்குப் பிறகும், இயக்க அமைப்புப் பாடம் எடுத்த மாணவர்கள் தங்கள் செய்முறைப் பணியை, பெருங்கணினியை விட்டுவிட்டு, யூனிக்ஸில் செய்வதையே விரும்பினார்கள்.

யூஜின் வோங், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் ஆகிய இரு பேராசிரியர்கள் அப்போது இங்க்ரெஸ் என்ற தரவுத்தளத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். தொகுதிமுறைப் பெருங்கணினியில் அது நகரவில்லை. யூனிக்ஸுக்கு முதலில் மாறியவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் நாளுக்கு எட்டு மணி நேரம், அதுவும் மூன்று நாளுக்கு ஒரு முறைதான் பகல் என்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மூன்று துறைகளுக்குப் பொதுவான சின்ன இயந்திரமும் அவர்களுக்கு இன்னொரு கணினி மையமாகத்தான் தெரிந்திருக்கும். 1974 வசந்தத்தில் திட்டத்துக்கென்றே ஒரு பி.டி.பி-11/40 வாங்கி, அப்போது புதிதாக வந்திருந்த ஐந்தாம் பதிப்பை அதில் போட்டார்கள். அந்த இயந்திரத்துக்கு ஷிப்டு அட்டவணை எதுவும் இல்லை.